சேட்டுக்குள் போடும் கவசம்: வாங்க முன் கேட்டவை

போன இதழில் வாள்வெட்டுக் காயத்துக்கு முதலுதவி செய்வது எப்படி என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பிவிட்டன. வெட்டு விழுந்த பிறகு செய்வது சரி, விழ முன்னமே உடம்பைக் காக்கிற மாதிரி உள்ளே போடும் கவச அங்கி ஏதாவது வாங்கலாமா, வாங்குவதென்றால் எது என்று கொக்குவிலிலிருந்தும் கேட்கிறார்கள், கனடாவில் எட்மன்டனில் பிள்ளை இருக்கிற தாயும் கேட்கிறார். ஆகவே இந்த மாதப் பக்கம் முழுக்க இதற்குத்தான். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: இரவில் மோட்டார் சைக்கிளில் முகத்தை மூடிக்கொண்டு வந்து கேற்றைக் கொத்தி, வீட்டுச் சாமான்களை அடித்து நொறுக்கிவிட்டுப் போகிற கும்பல்களுக்குப் பயந்து எங்கள் சனசமூக நிலையத்தில் விழிப்புக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறோம். லண்டனில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கம் ஆறு குண்டு துளைக்காத அங்கி வாங்கித் தருவதாகச் சொல்கிறது. ‘லெவல் 3ஏ’ என்று போட்டிருக்கிறதாம், மெல்லிய அங்கியில் அதுதான் உச்சமாம். சரியென்று சொல்லலாமா? (கொக்குவில்)

பதில்: சொல்ல வேண்டாம் தம்பி. சங்கத்தின் நல்ல மனத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் நீங்கள் பயப்படுகிற ஆயுதம் வேறு, அந்த அங்கி தடுக்கிற ஆயுதம் வேறு. 3ஏ என்பது அமெரிக்க நீதித்துறையின் கீழ் உள்ள என்.ஐ.ஜே. நிறுவனம் வைத்த அளவு. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும் உரியது. 9 மில்லிமீற்றர், .44 மக்னம் போன்ற குண்டுகளைச் சுட்டுப் பார்த்துத் தருகிற தரம் அது. கத்திக்கும் வாளுக்கும் அதில் ஒரு சோதனையும் கிடையாது.

ஏன் என்று விளங்கிக்கொண்டால் பிறகு எந்த விளம்பரமும் உங்களை ஏமாற்றாது. இந்த அங்கிகளுக்குள் இருப்பது கெவ்லர் மாதிரியான அராமிட் நூல், அல்லது டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று விற்கிற, மிகப் பலமான ஒரு வகைப் பொலித்தீன் நார். கெவ்லரை 1965 இல் டுபோன்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் என்ற வேதியியல் அறிஞர் கண்டுபிடித்தார். மீன் வலை மீனைத் தாங்குகிற மாதிரித்தான் இது வேலை செய்கிறது: குண்டு வந்து அடிக்கும்போது அடுக்கு அடுக்காக இருக்கிற நூல்கள் இழுபட்டு, அந்த வேகத்தைப் பக்கவாட்டில் பரப்பி, ஈயக் குண்டைச் சப்பையாக்கி நிறுத்திவிடுகின்றன. கத்தி அப்படிச் சப்பையாகாது. அதன் கூர் நூலுக்கும் நூலுக்கும் நடுவே புகுந்து வழி எடுக்கும், பின்னால் வருகிற விளிம்பு நூலை அறுத்துக்கொண்டே போகும், பிடித்திருக்கிற கை மேலும் மேலும் தள்ளிக்கொண்டேயிருக்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலம் முடிந்த 3ஏ தகடு ஒன்றை, அதாவது அங்கியின் உறைக்குள் இருக்கிற அந்த நூல் அடுக்கை, வாழைக்குற்றியின் மேல் கட்டி, மீன் வெட்டுகிற கூர்க்கத்தியால் ஒருவர் ஓங்கிக் குத்தினார். முதல் குத்திலேயே கத்தி நுழைந்தது, இழுத்தெடுத்தபோது முனையில் வாழைச்சாறு. பிறகு சாக்குத் தைக்கிற கோணூசியை எடுத்தார். அதற்கு ஓங்கவும் தேவையிருக்கவில்லை, உள்ளங்கையால் அமத்தினார், போய்விட்டது. அதே தகட்டின் மற்ற மூலையில் பழைய சோதனைச் சூட்டில் அகப்பட்ட 9 மில்லிமீற்றர் குண்டு காளான் மாதிரி விரிந்து நூலுக்குள் சிக்கிக் கிடந்தது. இரண்டையும் ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

குத்துக்கென்று தனி அங்கி இருக்கிறது. நூலை மிக நெருக்கமாக நெய்து, அல்லது பிசின் ஊட்டி இறுக்கி, சிலவற்றில் மெல்லிய இரும்பு வளையப் பின்னல் வைத்துச் செய்வார்கள். அதற்கு என்.ஐ.ஜே. 0115.00 என்ற தரம் உண்டு, 2000 ஆம் ஆண்டில் வந்தது. மூன்று நிலை: 24, 33, 43 ஜூல் சக்தியோடு இறங்குகிற கத்தி 7 மில்லிமீற்றருக்கு மேல் உள்ளே வரக் கூடாது. பிரித்தானியாவில் கே.ஆர்.1, கே.ஆர்.2 என்று போட்டிருப்பார்கள், அவை 24, 33 ஜூல். ஊசி, திருப்புளி மாதிரிக் கூருக்கு எஸ்.பி. என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். கே.ஆர். இருந்தால் எஸ்.பி.யும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. உங்கள் சங்கம் லண்டனில்தானே இருக்கிறது, இந்த எழுத்துக்களைச் சொல்லியே கடையில் கேட்கச் சொல்லுங்கள்.

ஆனால் தம்பி, குத்துக் கவசம் வந்தாலும் உங்கள் கவலை தீராது, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் வாள் வீசுகிறவன் நெஞ்சில் குத்துவதை விடத் தலையிலும் தோளிலும் கொத்துவதுதான் அதிகம், கையைத் தூக்கித் தடுக்கப் போனால் முன்கையிலும் விரலிலும் விழும். அங்கி மூடுகிற இடம் நெஞ்சும் வயிறும் முதுகும் மட்டும். கை, கழுத்து, தலை எல்லாம் திறந்தபடிதான். ஆகவே ஆறு அங்கிக்குரிய காசு என்னிடம் இருந்தால் நான் இப்படிச் செலவழிப்பேன்: சந்தியிலும் ஒழுங்கை முகப்பிலும் நல்ல வெளிச்சம், நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி இரண்டு கமரா, ஆளுக்கொரு விசில், முழுமுகம் மூடுகிற மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், இரத்தத்தை நிறுத்துகிற இறுக்குப் பட்டியும் காயத்துக்குள் அடைக்கிற துணியும் வைத்த பை இரண்டு. மிச்சம் இருந்தால் கேற்றடியில் நிற்கிற இரண்டு பேருக்குக் குத்துக் கவசம், அதுவும் ஒளிரும் மஞ்சளில் வெளியே போடுகிற வகை. தொண்டர் நிற்கிறார் என்று தூரத்திலேயே தெரிவதுதான் விழிப்புக் குழுவுக்கு நல்லது, ஒளித்துப் போட்டு என்ன காணப் போகிறீர்கள்?

எனக்குப் பெரிய பயம் இன்னொன்று. அங்கி போட்ட இளம் பிள்ளைக்கு ஒரு துணிவு வரும், வழமையாக நிற்கிற இடத்திலிருந்து இன்னும் பத்தடி முன்னால் போவான். உங்கள் வேலை விசில் அடிப்பது, 119 க்குச் சொல்வது, சனத்தை வீட்டுக்குள் அனுப்புவது. பிடிக்கப் போவது உங்கள் வேலையல்ல. இதைக் கூட்டம் வைத்துச் சொல்லுங்கள், சொன்னதை எழுதி நிலையத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

கடைசியாக, லண்டனில் பார்சல் கட்ட முன் பாதுகாப்பு அமைச்சுக்கும் சுங்கத்துக்கும் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். உங்கள் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இராணுவ உடைக்கு ஒத்த புள்ளித்துணி உறை எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். வாசலில் நிற்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கப் போகிறீர்கள் என்றால் அது தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம், பதிவுள்ள நிறுவனத்திடம்தான் போக வேண்டும்.

கேள்வி: சரி, ரி-56 ரைபிள் சூட்டுக்கு 3ஏ தாங்குமா? தெற்கில் நடக்கிற சூடுகளில் அதைத்தானே பாவிக்கிறார்கள்? (சாவகச்சேரி)

பதில்: தாங்காது. அந்தக் குண்டு வினாடிக்கு 700 மீற்றருக்கு மேல் வரும், மெல்லிய அங்கி எதுவும் அதன் முன் நிற்காது. அதற்குப் பீங்கான் அல்லது அழுத்திய பொலித்தீனில் செய்த விறைப்பான தகடு வேண்டும். பழைய தரத்தில் லெவல் 3, 2023 இல் வந்த புதிய தரத்தில் ஆர்.எஃப்.1. முன்னும் பின்னும் போட்டால் நிறையும் தடிப்பும் சேட்டுக்குள் மறைக்கிற அளவில் இருக்காது. மறைத்துப் போடுகிற அங்கியை ரைபிளுக்கும் நல்லது என்று ஒருவர் விற்றால் அவரிடம் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: பழைய றெக்சின், சைக்கிள் ரியூப், தகரம் வைத்து வீட்டில் தைக்கலாமா? (அச்சுவேலி)

பதில்: வேண்டாம். தகரம் மடிந்து அதன் விளிம்பே உங்களை வெட்டும்.

கேள்வி: நான் கோயில் திருவிழாக்களிலும், எங்கள் பக்கத்துத் தேவாலயத்தில் பெரிய நாட்களிலும் தொண்டராக நிற்கிறவன். 2019 க்குப் பிறகு பை சோதிக்கிற வேலை எங்களிடம்தான் தருகிறார்கள். வீட்டில் மனைவி பயப்படுகிறா. உள்ளே போடுகிற அங்கி ஒன்று இருந்தால் அவவுக்கு நிம்மதி. எது நல்லது? (நல்லூர்)

பதில்: முதலில் நடைமுறையைப் பாருங்கள். நல்லூர்க் கோயிலில் ஆண்கள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். திருவிழா இருபத்தைந்து நாளும் வேட்டியும் சால்வையுமாக நிற்கிறவர் எங்கே அங்கியை ஒளிப்பது? வெளி வீதியில், சோதனைச் சாவடியில், முதலுதவிக் கொட்டிலில் நிற்கிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியே வரும். ஆவணி வெயிலில், மணல் சூட்டில், சனத்துக்கு நடுவில் மூன்று நாலு மணித்தியாலம் காற்றுப் புகாத தகட்டைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். தொண்டருக்கே தூக்குப் படுக்கை தேவைப்படும். செஞ்சிலுவைக்காரரும் சென். ஜோன்ஸ் முதலுதவிப் பிள்ளைகளும் மயங்கி விழுகிற அடியார்களைத் தூக்கவே ஆள் காணாமல் நிற்கிறார்கள்.

பிறகு குண்டு விஷயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்ததை நினைத்துத்தான் உங்கள் மனைவி பயப்படுகிறா, அது நியாயமான பயம். மெல்லிய அங்கி சின்னச் சிதறல்கள் சிலவற்றை நெஞ்சில் பிடிக்கும், உண்மை. ஆனால் கைக்கெட்டுகிற தூரத்தில் வெடிக்கிற பையின் அமுக்கத்தை அது தடுக்காது, முகத்தையும் கழுத்தையும் காலையும் மூடாது. பையைத் திறப்பதை அங்கி பாதுகாப்பானதாக்காது. ஆகவே அந்த வேலையைத்தான் மாற்ற வேண்டும்: சோதனையைத் தேவாலய வாசலில் வைக்காமல் வெளிக் கேற்றுக்குக் கொண்டுபோங்கள், வரிசை நெருங்காமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள், பையை உடையவரே திறந்து காட்டட்டும், நீங்கள் கை விட வேண்டாம், சந்தேகமான பையை யாரும் தொடாமல் சனத்தை நகர்த்திவிட்டுப் பொலிஸுக்கோ விசேட அதிரடிப் படைக்கோ சொல்லுங்கள். குருவானவரோடு இருந்து இதைப் பேசி ஒழுங்கு செய்தால் அதுதான் உங்கள் மனைவிக்கு நீங்கள் கொடுக்கிற நிம்மதி.

அப்படியும் ஒன்று போடத்தான் வேண்டும் என்றால், நெரிசலில் கத்தி எடுக்கிறவனை நினைத்து, மெல்லிய குத்துக் கவசம், 24 ஜூல் நிலை போதும். நிறை கூடக் கூட நீங்கள் அதைக் கழற்றி வைக்கிற நேரமும் கூடும், கொட்டிலில் கிடக்கிற கவசம் ஒருவரையும் காக்காது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவரை மாற்றுங்கள், உப்புச் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

கேள்வி: என் மச்சான் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற வேலையில் இருந்தவர். அந்த வேலைக்குப் போடுகிற நீல ஏப்ரன் மாதிரி ஒன்றை ஒருவர் விற்கிறார். கெவ்லர்தான் என்கிறார். கடையில் இரவில் நிற்கும்போது போடலாமா? (பளை)

பதில்: நல்ல கேள்வி, வடக்கில் அந்த ஏப்ரனைக் காணாத ஆளில்லை. அது கெவ்லராகவே இருக்கலாம், ஆனால் வேறு வேலைக்குச் செய்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கான சர்வதேசத் தரம் கேட்பது, 1.1 கிராம் அளவான சோதனைச் சிதறல் வினாடிக்கு 450 மீற்றரில் வந்தால் தாங்குகிற கவசம், அதோடு முகத்துக்கு 5 மில்லிமீற்றர் பொலிகாபனேற் மறைப்பு. முழந்தாளில் இருந்து முன்பக்கம் பார்த்து வேலை செய்கிறவருக்குக் கீழேயிருந்து வெடிக்கிற வெடியை நினைத்து வெட்டிய உருவம் அது. அதில் கத்திச் சோதனையும் இல்லை, கைத்துப்பாக்கிச் சோதனையும் இல்லை. பல ஏப்ரன்களுக்குப் பின்பக்கமே கிடையாது. அதோடு அந்த வயலில் வெயிலும் வியர்வையும் எத்தனை வருடம் குடித்ததோ தெரியாத சாமான்.

இன்னொன்று, அது யாருடையது? நிறுவனங்கள் அவற்றை இலக்கம் போட்டுக் கொடுத்து இலக்கம் பார்த்துத் திரும்ப எடுப்பவை. விற்பனைக்கு வந்திருக்கிறது என்றால் எப்படி வந்தது என்று உங்கள் மச்சானிடமே கேளுங்கள். நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். கிழமையில் சில நாள் காசு கொண்டு வங்கிக்கு நடந்து போக வேண்டும். முதலாளி எனக்கும் என்னோடு வருகிற பெடியனுக்கும் உள்ளே போடுகிற கவசம் எடுத்துத் தரச் சம்மதித்துவிட்டார். கடையில் காட்டியதெல்லாம் ஆண்களுக்கான அளவு. பெண்கள் எப்படி அளவெடுப்பது, வெளியே தெரியாமல் எப்படிப் போடுவது? (யாழ்ப்பாணம்)

பதில்: தங்கச்சி, அளவு பிழைத்தால் நல்ல கவசமும் வீண், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆண்களுக்கான சப்பைத் தகட்டைப் பெண் போட்டால் நெஞ்சுக்கு மேல் தகடு தூக்கி நிற்கும், கைக்குழியடியில் வாய் திறந்த மாதிரி இடைவெளி விழும். கத்தி போகிற வழி அதுதான். பெண்களுக்கென்று தகட்டையே வளைத்துச் செய்கிற வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் இருக்கிறது சிறிய, நடுத்தர, பெரிய என்று மூன்று சைஸ் மட்டும்தான் என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். அளவு எடுக்க வேண்டியது வழமையாக உள்ளே போடுகிற உடுப்போடு: நெஞ்சுச் சுற்று, நெஞ்சுக்குக் கீழ்ச் சுற்று, இடுப்புச் சுற்று, பிறகு கதிரையில் இருந்துகொண்டு கழுத்துக் குழியிலிருந்து இடுப்புப் பட்டி வரை உயரம். இருந்து எடுப்பதை மறக்க வேண்டாம், நின்று எடுத்த உயரத்துக்குத் தைத்தால் ஓட்டோவில் ஏறி இருந்தவுடன் தகடு மேலெழுந்து தொண்டையை அமத்தும்.

போட்டுப் பார்க்கும்போது: மேல் விளிம்பு கழுத்துக் குழிக்கு இரண்டு விரல் கீழே, கீழ் விளிம்பு இடுப்புப் பட்டிக்கு இரண்டு மூன்று விரல் மேலே. பக்கத்தில் முன் தகடு பின் தகட்டின் மேல் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும், இடைவெளி தெரியக் கூடாது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கைகோருங்கள், குனிந்து செருப்பு வாரைப் பூட்டுங்கள், படி ஏறுங்கள். ஆழமாக மூச்சு இழுக்க முடியாவிட்டால் வெல்க்ரோவைத் தளர்த்துங்கள். வாங்குகிற நாளில் இறுக்கிக் கட்டிவிட்டு இரண்டாம் நாள் மூலையில் போடுகிறவர்கள்தான் அதிகம்.

மறைப்பது பற்றி: சேலைக்குள் முடியாது, பிளவுஸின் கழுத்தும் இடுப்பும் காட்டிக்கொடுக்கும். ஒரு சைஸ் கூடின நீளமான சல்வார் டொப், கடும் நிறம் அல்லது பூப்போட்டது, மேலே சால்வை. தோள் பட்டியும் முதுகில் கழுத்தடியும்தான் முதலில் தெரிகிற இடங்கள், பின்னால் நின்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பருத்திப் பெனியன், வேலை முடிந்ததும் அதை மாற்றிவிடுங்கள். மறைத்துப் போடுகிற அங்கி சைஸுக்கும் தரத்துக்கும் ஏற்ப ஒன்றரைக் கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை வரும், முதல் கிழமை தோள் நோகும்.

உங்களுக்கு வேண்டியது குத்துத் தரம்தான். கடைக்காரர் குண்டுக்கும் கத்திக்கும் சேர்ந்தது இருக்கிறது என்றால் இரண்டு தரமும் ஒரே தகட்டு லேபிளில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், வாயால் சொல்வதை எடுக்க வேண்டாம். அதோடு, முதலாளியிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள்: ஒரே நேரம், ஒரே வழி, ஒரே பை என்று போவதை நிறுத்தட்டும். பையை இழுத்தால் விட்டுவிட வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் அவரே வாய்திறந்து சொல்லட்டும். காசு போனால் முதலாளி கோபிப்பார் என்ற பயத்தில் பையைப் பிடித்துத் தொங்குகிற பிள்ளைக்குத்தான் வெட்டு விழுகிறது.

கேள்வி: மகன் எட்மன்டனில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிறான். கொள்ளை அடிக்க வருகிறவர்கள் துவக்கோடு வருவார்களாம். பாவித்த அங்கி ஒன்று மலிவாக வருகிறது, வாங்கப் போகிறேன் என்கிறான். வாங்கலாமா ஐயா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, நித்திரையும் இல்லை. (கோண்டாவில்)

பதில்: அம்மா, உங்கள் மகனுக்குப் பயம் கைத்துப்பாக்கி என்றால் குண்டு அங்கி பொருத்தம்தான், அவர் யோசிப்பது பிழையில்லை. ஆனால் அவர் இருப்பது அல்பேர்ட்டா மாகாணம். அங்கேயும் பிரிட்டிஷ் கொலம்பியா, மனிற்றோபா மாகாணங்களிலும் இந்த அங்கிக்கென்றே சட்டம் இருக்கிறது, சாதாரண ஆள் அனுமதிப் பத்திரம் இல்லாமல் வைத்திருக்க முடியாது, சட்டம் விலக்குக் கொடுத்த தொழில்கள் தவிர. முதலில் அதை முடிக்கட்டும். அவுஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன், அங்கே அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்யவே முடியாது. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலம் 2022 இல் குறிப்பிட்ட தொழில்காரர் தவிர மற்றவர்கள் வாங்குவதைத் தடுத்துவிட்டது.

பாவித்தது வேண்டாம், இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். உற்பத்தியாளர்கள் தகட்டுக்குப் பெரும்பாலும் ஐந்து வருட உத்தரவாதம்தான் கொடுக்கிறார்கள். முன்னர் வைத்திருந்தவர் அதைக் காரின் பின்பெட்டியில் கோடை முழுக்க வெந்துபோக விட்டாரா, மெஷினில் தோய்த்தாரா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இந்த நார்கள் பழுதாவது கண்ணுக்குத் தெரியாது. சைலோன் என்ற நார் ஒரு காலத்தில் கெவ்லரை விட மெல்லியது, பலமானது என்று விற்கப்பட்டது. 2003 இல் பென்சில்வேனியாவில் ஒரு பொலிஸ்காரர் போட்டிருந்த சைலோன் அங்கியை, அது தடுத்திருக்க வேண்டிய குண்டே துளைத்துவிட்டது. ஈரத்திலும் சூட்டிலும் அந்த நார் பலம் இழக்கிறது என்று தெரிந்து, 2005 இல் என்.ஐ.ஜே. சைலோன் அங்கிகளின் அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது. பழைய சாமான் சந்தையில் எது எங்கே கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்.

புதிது வாங்கும்போது உறையைத் திறந்து தகட்டை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை ஒருவருடைய அங்கியைப் பிரித்தபோது பின் தகடு திருப்பிப் போடப்பட்டிருந்தது. உடம்புப் பக்கம் என்று எழுதிய முகம் வெளியே பார்த்தபடி இருந்தது. அவர் அதை எத்தனையோ மாதம் அப்படியே போட்டுத் திரிந்திருக்கிறார். தகட்டிலேயே லேபிள் இருக்க வேண்டும்: செய்தவர் பெயர், மொடல், தரம், தொடர் இலக்கம், செய்த திகதி, சைஸ், எந்தப் பக்கம் வெளியே. உறையில் மட்டும் லேபிள் இருந்தால் அது தகட்டுக்குச் சாட்சியில்லை. அந்த மொடல் பெயர் என்.ஐ.ஜே. இணையத்தில் வைத்திருக்கிற அங்கீகாரப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்க்கட்டும். ‘என்.ஐ.ஜே. தரத்துக்குச் சோதித்தது’ என்று விற்பனையாளர் தானே எழுதுவது வேறு, பட்டியலில் இருப்பது வேறு.

தரம் பற்றி: பழைய லெவல் 2, புதிய பெயரில் எச்.ஜி.1, 9 மில்லிமீற்றரையும் .357 மக்னத்தையும் தாங்கும், மெல்லியது. 3ஏ, அதாவது எச்.ஜி.2, இன்னும் கொஞ்சம் தடிப்பு, கூடுதல் பாதுகாப்பு. கனடாக் குளிரில் மேலே ஜக்கெற் போடுகிறவருக்கு 3ஏ தடிப்பு ஒரு பிரச்சினையில்லை, அதையே எடுக்கட்டும். நம்முடைய வெக்கைக்கு என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று அம்மா. குண்டைப் பிடித்தாலும் அடி உள்ளே இறங்கும். சோதனையில் தகட்டுக்குப் பின்னால் வைக்கிற களிமண்ணில் 44 மில்லிமீற்றர் வரை பள்ளம் விழுவதை அனுமதிக்கிறார்கள். நெஞ்செலும்பு முறியலாம், உள்ளே இரத்தம் கசியலாம். சுடுபட்டுத் துளைக்கவில்லை என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சுடுபட்ட தகட்டைத் திரும்பப் போடக் கூடாது. கல்லாவைத் திற என்றால் திறந்து கொடுத்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

கேள்வி: நான் வங்கி ஒன்றில் காவல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அப்போது தந்த அங்கி வியர்வை மணத்தில் போட முடியாமல் கிடந்தது. மனைவி தோய்த்து வெயிலில் காயப்போட்டுவிட்டா. இப்போது மகன் கடைக்குப் போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்கிறான். (மானிப்பாய்)

பதில்: உங்களுக்குத் தந்த சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதா என்று முதலில் வங்கியைக் கேளுங்கள். கொடுக்கத் தேவையில்லை என்றாலும் மகனிடம் கொடுக்க வேண்டாம். தோய்த்தது உறையை மட்டும் என்றால் பாதகமில்லை, உறை தோய்க்கத்தான் இருக்கிறது. தகட்டோடு சேர்த்துத் தோய்த்திருந்தால் அது முடிந்தது. அராமிட் நூலுக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் கூடாது, நனைந்தால் குண்டு பிடிக்கிற பலமும் குறையும், அதனால்தான் அதை நீர் புகாத மெல்லிய உறைக்குள் ஒட்டி மூடியிருக்கிறார்கள். அந்த ஒட்டு பிரிந்திருக்கிறதா, ஓரத்தில் நூல் தெரிகிறதா என்று பார்த்தாலே உங்களுக்கே விளங்கும். பொலித்தீன் நாருக்கு வெயிலை விடச் சூடுதான் எமன், இஸ்திரிப் பெட்டி பக்கத்திலும் வரக் கூடாது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். போட்டுக் கழற்றியவுடன் தகட்டை உறையிலிருந்து எடுத்து, மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, வீட்டுக்குள் நிழலில் சமனாகக் கிடத்துங்கள். ஆணியில் தொங்கவிட்டால் தகடு வளைந்து மடிப்பு விழும். குளோரின் கலந்த வெளுப்பான் கூடாது. உறை இரண்டு வைத்திருந்தால் ஒன்றைத் தோய்க்கும்போது மற்றதைப் போடலாம், மணப் பிரச்சினை அதோடு போய்விடும். மாதத்துக்கு ஒருமுறை விரலால் தடவி, மடிப்போ கட்டியோ தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

உங்கள் பழையதை எறிவதென்றால் அப்படியே எறிய வேண்டாம். பழைய சாமான் எடுக்க வருகிறவரிடம் கொடுத்தால் யாரோ புது உறை போட்டு இன்னொரு பெடியனுக்கு விற்பான். உறையைப் பிரித்து, தகட்டின் இரண்டு பக்கமும் அழியாத மையால் ‘காலாவதி’ என்று பெரிதாக எழுதி, தையற்காரரின் பெரிய கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிவிட்டுப் போடுங்கள். கையால் வெட்டச் சிரமமாகத்தான் இருக்கும், அடுக்கடுக்காகப் பிரித்து வெட்டுங்கள்.